மே மாத நெஞ்சுவலி

ராமசாமி தான் பிறந்த வீட்டிலேயே வெளிநாட்டில் வசித்து வந்தார்.

சிங்கப்பூரிலிருந்து வந்த கடிதம் அப்படித்தான் தொடங்கியது: 'வெளிநாட்டில் வசிக்கும் ஓய்வூதியர் அவர்களுக்கு.' வெளிநாடு என்று அவர்கள் சொன்னது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளில் மூன்றாம் லயம், ஐந்தாவது கதவு. அறுபத்தெட்டு வருஷத்துக்கு முன் அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் பிறந்தபோது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கடிதம் வந்த அன்றும் பெய்துகொண்டிருந்தது.

இருபத்திரண்டு வயதில் தேயிலைக் கவாத்துக் கத்தியை வைத்துவிட்டுச் சிங்கப்பூர் போனார். அங்கே சாலையோர மரங்களை வெட்டிச் சீராக்கும் அரசாங்க இலாகாவில் வேலை. இடுப்பு உயரச் செடியை வெட்டியவர் ஏணி வைத்து மரத்தை வெட்டினார். மற்றபடி பெரிய மாற்றமில்லை. நாற்பது வருஷம். நடுவில், அங்கேயே குடியுரிமை வாங்கிக்கொண்டால் பின்னால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். வாங்கிக்கொண்டு மலேசிய அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு வருஷா வருஷம் இங்கே தங்குவதற்குச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சீட்டின்படி அவர் தம் மனைவி சுபத்ராவின் விருந்தாளி. சுபத்ராவும் அதை அவருக்கு அவ்வப்போது நினைவுபடுத்துவாள்.

சுபத்ராவுக்கு ஐம்பத்தெட்டு. மலைக்காட்டில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை. லயத்து வீடு அவள் பெயரில்தான் இருந்தது. இன்னும் இரண்டு வருஷம் வேலை இருக்கிறது, அதுவரை கதவும் இருக்கும். நடுவில் வேலையை விட்டால் ஒரே மாதத்தில் சாவியை ஆபீசில் வைத்துவிட வேண்டும்.

அக்டோபரில் கோயில் மேட்டை ஏறும்போது ராமசாமி நடுவழியில் நின்றார். மேட்டின் தப்பு என்று முதலில் நினைத்தார்கள். மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் ஒரு டாக்டர் படம் பிடித்துப் பார்த்து, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும் என்றார். வெளிநாட்டுக்காரருக்கான கட்டணத்தைச் சொல்லும்போது டாக்டரே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அதே மாதத்தில்தான் அந்தக் கடிதமும் வந்தது. ஓய்வூதியர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் திட்டம்: எந்த நோயாக இருந்தாலும் வைத்தியம் இலவசம், ஆனால் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் மட்டும், தொடர் வைத்தியம் முடியும்வரை அங்கேயே தங்கவும் வேண்டும். இரண்டாம் திட்டம்: ஒரு காப்புறுதி கம்பெனியின் அட்டை. இருக்கிற ஊரிலேயே, ஈப்போவிலேயே, அறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஓய்வுக்குப் பிறகு வந்த நோய்க்கு மட்டும்தான். வேலையில் இருந்தபோதே இருந்த நோய்க்குச் செல்லாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பிறகு மாற்ற முடியாது. டிசம்பர் முப்பத்தொன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் இரண்டாம் திட்டம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் இருவரும் நினைத்தார்கள். நோய் வந்தது ஓய்வுக்கு ஆறு வருஷம் கழித்து. இரண்டாம் திட்டம். ஈப்போ. வீடு. முடிந்தது.

டிசம்பர் முப்பத்தொன்று காலை வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சுபத்ரா அரை நாள் வேலைதான் போட்டிருந்தாள். பனி இறங்கி, தராசின் எண்ணே தெரியவில்லை. நேப்பாளத்துப் பையன்கள் கொழுந்து மூட்டைகளைக் கொண்டுவந்து தொப் தொப்பென்று போட்டார்கள். ஈரத்துக்கு இவ்வளவு என்று எடையில் கழிப்பது வழக்கம். அன்றைக்கு அவள் கழிக்க மறந்துவிட்டாள். பையன்களும் ஞாபகப்படுத்தவில்லை. பத்து மணிக்குக் கைப்பேசி அடித்தது.

"ஆன்ட்டி, நான் நூருல் ஐன். அங்கிளக் கூட்டிக்கிட்டுக் கடைக்கு வர முடியுமா? இப்பவே வாங்க."

நூருல் ஐன் காப்புறுதி ஏஜென்ட். தானா ராத்தா டவுனில் அவள் அப்பா அப்துல் முத்தலிப்பின் சாப்பாட்டுக் கடையில் மூன்றாவது மேசைதான் அவளுக்கு ஆபீஸ். அந்த மேசையில் உட்காருகிறவர்கள் ரொட்டி சானாய் சாப்பிட்டாக வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். காப்புறுதி எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

ராமசாமிக்கும் சுபத்ராவுக்கும் முன்னால் தட்டுகள் வந்தன. நூருல் ஐன் ஒரு காகிதக் கட்டைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்தாள்.

"அங்கிள், கம்பெனி உங்க பழைய ஆபீஸ் பைலக் கேட்டு வாங்கிருக்காங்க. நேத்துதான் எனக்குக் காப்பி வந்துச்சு." ஒரு தாளைத் திருப்பினாள். "உங்களுக்கு நெஞ்சுவலி எப்ப வந்துச்சு?"

"அக்டோபர்லம்மா."

"பைல்ல எம்பத்தாறுலேந்து வருது."

ராமசாமி ரொட்டியைக் கிழிப்பதை நிறுத்தினார்.

"பதினெட்டு தடவ. 'கடுமையான நெஞ்சுவலி, மூன்று நாள் பிரயாணம் கூடாது.' எல்லாம் உங்க தோட்டத்துக் கிளினிக் லெட்டர்தான். ஒரே கையெழுத்து. எல்லாமே மே மாசம்." குரலைத் தணித்தாள். "கம்பெனில ஒரு டாக்டரு கேக்குறாராம் அங்கிள். வருஷத்துல மே மாசம் மட்டும் வர்ற நெஞ்சுவலிக்கு என்ன பேருன்னு."

பெயர் திருவிழா. ஆனால் அதை டாக்டரிடம் சொல்ல முடியாது.

தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு மே மாதம் திருவிழா. ராமசாமி உறுமி அடிப்பவர். இலாகா கொடுப்பது இரண்டு நாள் லீவு. அம்மனுக்கு வேண்டியது ஐந்து நாள். மீதி மூன்று நாளைத் தோட்டத்து டிரெஸ்ஸர் ராதாகிருஷ்ணன் கொடுத்தார். கிளினிக்கில் மருந்து கொடுப்பது, காயம் கட்டுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர்தான். திருவிழாவின் இரண்டாம் நாள் காலை, வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் மஞ்சள் வேட்டியோடு கிளினிக் வாசலில் வரிசையாக நிற்பார்கள். டிரெஸ்ஸருக்கு ஒரு நியாயம் உண்டு. நோயைத் தூரத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார். ஈப்போவுக்கு வயிற்றுப்போக்கு. கோலாலம்பூருக்கு முதுகுவலி. சிங்கப்பூருக்கு நெஞ்சுவலி. ஒரு தடவை ஈப்போக்காரன் ஒருவன் முதுகுவலி கேட்டு, "அவ்வளவு தூரமாடா போற?" என்று திட்டு வாங்கினான். யாருடைய நெஞ்சிலும் முதுகிலும் டிரெஸ்ஸர் கை வைத்துப் பார்த்ததில்லை. அதற்கு நேரமும் இல்லை, வரிசை நீளம்.

இரண்டாயிரத்து மூன்றுக்குப் பிறகு டிரெஸ்ஸர் ஓய்வு பெற்றார், கிளினிக்கைப் பூட்டினார்கள். ராமசாமி இரண்டே நாளில் ஒழுங்காகத் திரும்பிப் போக ஆரம்பித்தார். இலாகாவில் அவர் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

"அதெல்லாம் லீவுக்காக எழுதுனதும்மா," என்றார் ராமசாமி. "நெசம் இல்ல."

"எனக்குத் தெரியும் அங்கிள். எங்க அத்தாவும் சொன்னாரு." கல்லாவில் இருந்த அப்துல் முத்தலிப் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். "லீவுப் பொய்யப் பத்தி இப்ப யாருக்கும் கவல இல்ல. நோய் இருந்துச்சா இல்லையா, அவ்ளோதான் கம்பெனி கேக்குது. எழுதுன ஆளே 'இதெல்லாம் உண்ம இல்ல, இவருக்கு ஒரு நோயும் இல்ல'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா ஏத்துக்குவாங்க. இல்லன்னா நெஞ்சு சம்பந்தப்பட்ட எதுக்கும் கார்டு செல்லாது."

"வயித்துக்குச் செல்லுமா?" என்றாள் சுபத்ரா.

"வயித்துக்குச் செல்லும் ஆன்ட்டி."

"இவருக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு."

நூருல் ஐன் இன்னொரு தாளை எடுத்தாள். "ரெண்டாயிரத்து மூணு லெட்டர்ல மட்டும் ரெண்டு வரி கூட இருக்கு. கிறுக்கலு, யாருக்கும் புரியல. அதையும் கேட்டுருங்க." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு சொல்லணும். எழுதிக் குடுக்குறது பொய்யின்னு பின்னால தெரிஞ்சா, ஆப்பரேஷன் மேசையில படுத்திருந்தாக்கூட கார்ட நிறுத்திருவாங்க. அப்ப சிங்கப்பூர்த் திட்டமும் இருக்காது. அது இன்னைக்கு அஞ்சு மணியோட போயிரும்."

அவளே சுபத்ராவின் கைப்பேசியை வாங்கிப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் இரண்டு வட்டங்கள் மட்டும் மிச்சம். ஒன்று, இரண்டு. இரண்டாவதைத் தொட்டால் டிரெஸ்ஸர் கடிதத்தின் படத்தை இணைக்க வேண்டும்.

அப்போது மணி பதினொன்றே முக்கால். டிரெஸ்ஸர் இருப்பது திரிங்காப்பில், மகனுடைய பூத்தோட்டத்தில். சாதாரண நாளில் அரை மணி நேரம். ஆனால் பள்ளி விடுமுறையும் புது வருஷமும் சேர்ந்த நாளில், மலைக்குக் கீழே இருக்கிற மலேசியா முழுக்க ஸ்ட்ராபெரி பறிக்க மேலே வந்திருந்தது.

சுபத்ராவின் தம்பி குகனேஸ்வரன் காய்கறி லோரி ஓட்டுகிறவன். திரிங்காப்பில் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், ஏற்றிக்கொண்டு வாரம் மூன்று தடவை சிங்கப்பூருக்குப் போவான். அன்றைக்கு வெறும் வண்டியோடு மேலே போய்க்கொண்டிருந்தான். நடுவில் மாமாவையும், ஓரத்தில் அக்காவையும் உட்கார வைத்துக்கொண்டான். பிரிஞ்சாங்கைத் தாண்டுவதற்குள் இரண்டு மணி ஆகிவிட்டது. அதற்கு மேல் வண்டி நகரவில்லை.

மழை தூறியது. முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ். அதன் பின்கண்ணாடியில் ஒரு குழந்தை மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு ராமசாமியையே பார்த்தது.

"மாமா, மூச்சு சரியா இருக்கா?" என்றான் குகனேஸ்வரன்.

"இருக்கு, இருக்கு. நீ ரோட்டப் பாரு."

"ரோடு எங்கயும் போவல மாமா. நான் ஒங்களயே பாக்குறேன்."

"பதினெட்டு லெட்டரு," என்றாள் சுபத்ரா. அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "ஒரு வருஷம் காலு வலின்னு மாத்தி எழுதச் சொல்லக் கூடாதா?"

"கால் வலிக்கு மூணு நாள் தர மாட்டான் சுபத்ரா. அங்க ஒரு சூப்பர்வைசர் இருந்தான். நெஞ்சுன்னாத்தான் பயப்படுவான். அவனுக்கே நெஞ்சுல கோளாறு."

"அவன் எப்பிடி இருக்கான்?"

"அவன் நல்லா இருக்கான்."

குகனேஸ்வரன் சிரிக்கப் போய், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பஸ் ஒரு வண்டி நீளம் நகர்ந்தது. லோரியும் நகர்ந்து நின்றது. பிரேக் போட்டதில் ராமசாமி கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனார். உடனே சட்டைப் பொத்தானைச் சரிசெய்வது மாதிரி மாற்றிக்கொண்டார். சுபத்ரா பார்த்துவிட்டாள்.

"மணி என்னா?" என்றார்.

"மூணு."

"இங்கேந்து நடந்தா?"

"நடந்தா அஞ்சு மணிக்குக் கடிதாசி தேவப்படாது, வாயில வேற ஏதாச்சும் வருது, பேசாம இருங்க," என்றாள்.

கியா பார்ம் வளைவில் அவித்த சோளம் விற்கிற கடைக்கு முன்னால் மனிதர்கள் நடுரோட்டில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டியதும் ரோடு திறந்துகொண்டது. குகனேஸ்வரன் அதன் பிறகு ஓட்டிய விதத்தை இதய நோயாளிகளுக்குப் பரிந்துரைக்க முடியாது.

பூத்தோட்டத்துக்கு லோரி இறங்காது. ரோட்டிலிருந்து சிமெண்டுப் படிகள், நாற்பது இருக்கும். இறங்குவது சுலபமாக இருந்தது. திரும்ப ஏற வேண்டும் என்பதை மூவரும் நினைத்தார்கள்.

பிளாஸ்டிக் கூரைக்கடியில் செவ்வந்தி வரிசை வரிசையாக நின்றது. ராதாகிருஷ்ணனுக்கு எண்பத்திரண்டு வயது. முக்காலியில் உட்கார்ந்து, பூத்தண்டுகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்துப் பழைய நாளிதழில் சுற்றிக்கொண்டிருந்தார். முனையை மடிக்கிற விதத்தில் இன்னும் கட்டுப் போடுகிற கை தெரிந்தது.

"ராமசாமியா. என்னாடா, மே மாசம் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கய்யா."

சுபத்ரா விஷயத்தைச் சொன்னாள். நின்றுகொண்டே, ஒரு வார்த்தை கூடாமல், தராசின் எண்ணைப் படிக்கிற மாதிரி சொன்னாள். டிரெஸ்ஸர் பூவைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, காகிதக் கட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கையெழுத்து அப்ப நல்லா இருந்துச்சு," என்றார். "எழுதித் தரேன்லா. அதுக்கென்ன. எம்பத்திரண்டு வயசுல என் வேலய யாரு புடுங்கப் போறான்?"

மகனின் ரசீதுப் புத்தகத்திலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்து, மெதுவாக, ஆங்கிலத்தில் எழுதினார். பதினெட்டுக் கடிதங்களும் திருவிழா விடுப்புக்காக எழுதப்பட்டவை. மேற்படி நபருக்கு நான் அறிந்தவரை எந்த இதய நோயும் இருந்ததில்லை. கீழே கையெழுத்து, பழைய பதவி, தேதி. மணி நாலே கால். சுபத்ரா கைப்பேசியில் படம் எடுத்தாள். அங்கே லைன் கிடைக்கவில்லை, பூத்தோட்டத்துப் பள்ளத்தில் எப்போதும் கிடைக்காது.

"ரொம்ப நன்றிங்கய்யா. மேல போயித்தான் அனுப்பணும். கெளம்புறோம்."

"நில்லும்மா."

கட்டிலிருந்து ஒரு தாளை உருவி டிரெஸ்ஸர் தனியாக வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து மூன்று.

"எல்லாமே நான் எழுதுனதுதான்," என்றார். "இது மட்டும் பாத்து எழுதுனது."

டிரெஸ்ஸர் அந்தத் தாளை மடியில் விரித்துக்கொண்டார்.

"அந்த வருஷம் இவன் உறுமிய எறக்கி வெச்ச கையோட நேரா வந்தான். மூச்சு வாங்குச்சு. கடைசி வருஷமாச்சே, ஒரு தடவயாவது முறைப்படி செய்வோம்னு காதுக் கொழாய எடுத்து நெஞ்சுல வெச்சேன். வெளையாட்டுக்குத்தான். உள்ள ஒரு சத்தம். கூரையில ஓட்ட இருந்தா காத்து பூருமே, அப்பிடி. ரெண்டாவது தடவ வெச்சேன். அதே சத்தம். அதத்தான் எழுதுனேன், ரெண்டு வரி. பெரிய டாக்டருகிட்ட காட்டணும்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே ஐயா," என்றார் ராமசாமி.

"சொன்னேன்டா. 'ராமசாமி, உள்ள சத்தம் கேக்குது, அங்க போனதும் ஆஸ்பத்திரிக்குப் போ'ன்னு சொன்னேன். நீ என்ன சொன்ன? 'இந்த வருஷம் நல்லா நடிக்கிறீங்க ஐயா'ன்ன. வரிசையில நின்னவனுங்க எல்லாம் சிரிச்சானுங்க." டிரெஸ்ஸர் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் சிரிச்சேன்."

சுபத்ரா கையிலிருந்த புதுக் கடிதத்தைப் பார்த்தாள். "அப்ப இது?"

"அது நீ கேட்டது, எழுதிட்டேன். முன்ன பதினேழு பொய், ஒண்ணு நெசம். இப்ப பதினேழு நெசம், ஒண்ணு பொய்." பூத்தண்டுகளை மறுபடி எடுத்துக்கொண்டார். "அனுப்புறதும் அனுப்பாததும் ஒங்க இஷ்டம். யாரு கேட்டாலும் அது என் கையெழுத்துதான், அதான் உண்மன்னு சொல்லுவேன். எனக்குப் பழக்கம்தான்."

படியேற இருபது நிமிஷம் ஆயிற்று. எட்டுப் படிக்கு ஒரு தடவை ராமசாமி நின்றார். பாதிக்கு மேல் ஐந்துக்கு ஒரு தடவை. குகனேஸ்வரன் பின்னால் இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு, சாயப்போகிற அலமாரியைப் பிடிக்கிறவன் மாதிரி ஏறினான். நடுவில் ஒரு படியில் ராமசாமி உட்கார்ந்தே விட்டார். உதடு வெளுத்திருந்தது. சுபத்ரா கடிதத்தை அவர் தலைக்கு மேலே பிடிக்கப் போய், அது நனையும் என்று ஞாபகம் வந்து முந்தானையைப் பிடித்தாள்.

லோரியில் ஏறி உட்கார்ந்தபோது மணி நாலு நாற்பது. கியா பார்ம் பக்கமாகக் கொஞ்ச தூரம் வந்ததும் கைப்பேசியில் லைன் இரண்டு கோடு காட்டியது. குகனேஸ்வரன் ஓரமாக நிறுத்தினான். எதிரே மறுபடி வண்டிகளின் வரிசை; கீழே போகிறவர்களின் ஜாம்.

"அனுப்பு," என்றார் ராமசாமி.

அவள் அனுப்பவில்லை.

"சுபத்ரா, அந்த ரெண்டு வரி யாருக்கும் புரியலன்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சு."

"புரியிற ஒருத்தன் போதும்."

"அவன் எப்ப வரப் போறான்? வராமலே போவலாம்ல?"

"வரலாம்ல? ஒங்கள அறுத்துப் போட்டுட்டு, பாதியில வந்தான்னா? அப்ப நான் ஈப்போவுல யாரு கால்ல விழறது? என்னா சொல்லி விழறது? 'அது பொய்தான், ஆனா பொய்யின்னு சொன்னதும் பொய்'னா?"

"அக்கா, பத்து நிமிஷம் இருக்கு," என்றான் குகனேஸ்வரன்.

"நீ வாய மூடு."

ராமசாமி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நாப்பது வருஷம் அங்க இருந்தேன். வருஷத்துக்கு ரெண்டு நாளு, மிஞ்சிப்போனா அஞ்சு நாளு இங்க. கூட்டிப் பாரு, எரநூறு நாளுகூட வராது. அதுல அம்பத்துநாலு நாளு இந்த டிரெஸ்ஸரு குடுத்தது. இப்பத்தான் ஆறு வருஷமா எந்திரிச்சா இந்த மலையப் பாக்குறேன். திரும்ப என்னைய அங்க அனுப்பாத. அங்க எனக்கு யாரு இருக்கா? மரந்தான் இருக்கு. அதையும் நானே வெட்டிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என்ன ஆனாலும் இங்கயே ஆவட்டும். போறதுன்னாலும் இங்கேந்தே போறேன்."

"சாவுறதுக்கு எங்கிட்ட லீவு கேக்காதீங்க," என்றாள் சுபத்ரா. "நான் டிரெஸ்ஸர் இல்ல."

குகனேஸ்வரன் துடைப்பானைப் போட்டான். கண்ணாடி ஒரு தடவை தெளிந்து மறுபடி மங்கியது.

"அக்கா," என்றான் மெதுவாக. "மாமா தனியா எப்பிடிலா இருப்பாரு அங்க? நீ போனா வேல போவும். வேல போனா வீடு போவும். ஒனக்கு ரெண்டே வருஷம்தான் இருக்கு."

"தெரியும்."

"யோசிச்சிட்டியா?"

"படியில யோசிச்சிட்டேன்."

அவள் விரல் ஈரமாக இருந்தது. முதல் வட்டத்தைத் தொட்டாள், திரை கேட்கவில்லை. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டாள். ஒரு சின்னக் கட்டம் வந்து, நிச்சயமா என்று கேட்டது. சுபத்ரா நிச்சயம் என்றாள். ஒரு சக்கரம் சுற்றியது. லைன் ஒரு கோடாகி, இரண்டு கோடாகி, மறுபடி ஒன்றானது. ராமசாமி அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். அது நிற்க வேண்டும் என்று பார்த்தாரா, நிற்கக் கூடாது என்று பார்த்தாரா, தெரியவில்லை. நாலு ஐம்பத்தாறுக்குப் பதில் வந்தது: உங்கள் தேர்வு பதிவு செய்யப்பட்டது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

ராமசாமி கண்ணை மூடிக்கொண்டார். குகனேஸ்வரன் பதறி அவர் பக்கம் திரும்பினான். அவர் கண்ணைத் திறக்காமலே, "ஒண்ணுமில்லடா, கோவம்," என்றார்.

லோரி வரிசையில் சேர்ந்துகொண்டது. பிரிஞ்சாங் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. சுபத்ரா நூருல் ஐனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்கு அனுப்ப இன்னொன்றை எழுதத் தொடங்கி, எழுத்துக் கூட்டி எழுதி, அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். அவள் எழுதும்போதே தம்பி எட்டிப் பார்த்தான்; முதல் சொல் 'ராஜினாமா'. பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

தானா ராத்தா விளக்குகள் பனிக்குள் தெரிந்தபோது ராமசாமி தொண்டையைக் கனைத்தார்.

"அங்க சூடு ரொம்ப. ஒன்னால ஒரு ராத்திரிகூடத் தூங்க முடியாது."

சுபத்ரா பிறந்ததிலிருந்து கம்பளிக்குள்தான் தூங்கியிருக்கிறாள். அந்த மலையில் யார் வீட்டுக் கூரையிலும் மின்சாரக் காத்தாடி தொங்குவதில்லை.

"காத்தாடி வாங்கிக்குவோம்," என்றாள்.